கதவில் எழுதிய எண்

சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே கோதண்டம், வக்கீல் ரெஜினாவிடம் சட்டம் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது, ரெஜினாவுக்கு முப்பத்தாறு. கால்வாய்க்கரைக் குடிசைகளில் ஒன்றுதான் ரெஜினாவின் வீடு, ஆபீஸ் எல்லாம்.

அந்தக் கரையில் நூற்று நாற்பது குடிசைகள். அதே இடத்தில் அரசாங்கம் மாடி வீடு கட்டித் தரப்போகிறது, நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மட்டும். வாடகைக்கு இருக்கும் இருபத்தெட்டுக் குடும்பங்கள் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை அவர்கள் வீடுகளுக்குச் சீல் வைக்க ஆள் வரும்.

வியாழக்கிழமை காலை கோதண்டம் கேட்டார்.

"மேடம், நூற்றுப் பன்னிரண்டு கிடைச்சதே பெரிய விஷயம். சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டா என்ன?"

"எந்த இருபத்தெட்டுன்னு சீல் வைக்க வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கதவுல நம்பர் இருக்கே. நான்தான் எழுதினேன். சுவரெல்லாம் தார்ப்பாயும் ஓலையும். பெயின்ட் வேற எதுல நிக்கும்?"

"வரைபடம்?"

கோதண்டம் தலையைச் சொறிந்தார். "அந்தச் சந்துகளை வரைஞ்சா பைத்தியம் பிடிச்சிடும். கதவுதான் இருக்கேன்னு விட்டுட்டேன்."

"அடையாளம் தெரியலைன்னா?"

"மறுபடி கணக்கெடுக்கணும். இப்போ வந்திருக்கிற விதிப்படி வாடகைக்காரங்களும் அதுல சேர்த்தி."

ரெஜினா எழுந்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தன் வீட்டுக் கதவின் கீலைக் கழற்ற ஆரம்பித்தார். கதவில் சிவப்பில் 64. வீடு கிடைக்கிற நூற்றுப் பன்னிரண்டில் அதுவும் ஒன்று.

"மேடம், உங்களுக்கு உறுதியான வீடு."

"அந்தப் பக்கம் பிடிங்க சார். கனமா இருக்கு."

எதிர்வீட்டு மும்தாஜ் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வீடு உண்டு.

"என்ன வக்கீலம்மா, பழைய சாமானுக்குப் போடப்போறீங்களா?"

ரெஜினா விஷயத்தைச் சொன்னார். மும்தாஜ் கொஞ்ச நேரம் தன் கதவைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தார்.

சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பது கதவுகளும் பள்ளிக்கூட மைதானத்தில் குவிந்து கிடந்தன. வாசல்களில் சேலைகள் தொங்கின.

மறுநாள் வந்த அதிகாரி இருபத்தெட்டுக் குடும்பங்களின் பட்டியலோடு சந்து சந்தாக நடந்தார். பெயரைச் சொல்லிக் கேட்ட இடத்திலெல்லாம் "இங்கதான் சார் இருக்காங்க" என்றார்கள். எந்த வாசல் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கோதண்டத்தைக் கண்டதும்தான் அவருக்கு உயிர் வந்தது.

"சார், நம்பர் போட்டதே நீங்கதானே. ஒவ்வொரு வீடும் உங்களுக்கு மனப்பாடம். காட்டுங்க, அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்."

மனப்பாடம்தான். எதிரே பச்சைச் சேலை தொங்கிய வாசல், பதினேழு. பட்டியலில் முதல் எண். சேலையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் அவரையே பார்த்தபடி நின்றாள்.

கோதண்டம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

அதிகாரி ரெஜினா பக்கம் திரும்பினார். "மேடம், உங்க சிஷ்யரைப் பதில் சொல்லச் சொல்லுங்க."

"சொல்லிட்டாரே சார்," என்றார் ரெஜினா. "மறுபடி கணக்கெடுக்க எப்போ வர்றீங்க?"