பின்சீட்டில் ஒரு சத்தம்

காவி கேட்டு மடத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக வெறுங்கையோடு வருவார்கள். நாச்சிமுத்து காரோடு வந்தார். அதுவும் எப்படிப்பட்ட கார்! அது அரசமரத்தடியில் வந்து நிற்பதற்குள் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிடும். பின்பக்கத்திலிருந்து ‘டொக்கு, டொக்கு’ என்று அப்படி ஒரு சத்தம்.

தாராபுரத்துக்கு மேற்கே, பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு நீர்மோர் கொடுக்கிற சின்ன மடம் அது. அதை நடத்தும் மரகதத்தம்மை, வயதில் அவருக்கு மகளாக இருக்கலாம். ஆனாலும் அம்மையின் முன்னால் நாச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்பார். பஞ்சு மண்டி நடத்தி ஊரையே அதட்டிய மனிதர், மடத்து வாசலில் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்.

மனைவி வள்ளியாத்தாள் இறந்த பிறகுதான் அவர் அங்கே வர ஆரம்பித்தார். மடத்துக்கு வேண்டிய சாமான்களை அவரே காரில் வாங்கி வருவார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. அரிசி மூட்டையானாலும் வாழைத்தாரானாலும் முன்சீட்டில், தன் பக்கத்தில்தான் ஏற்றி வருவார். பின்சீட்டில் ஒரு கட்டுக் கீரையைக்கூட வைத்ததில்லை. அங்கே ஒரு சின்னத் தலையணை மட்டும் கிடக்கும்.

அன்று காலைப் பூசை முடிந்ததும் அவர் மறுபடியும் கேட்டார்.

“எல்லாத்தையும் உட்டுட்டேனுங்க அம்மா. காவி குடுத்துருங்க.”

“எல்லாத்தையுமா?”

“மண்டியப் பையன்கிட்டக் குடுத்துட்டேன். தோட்டத்தப் பொண்ணுக்கு எழுதிட்டேன். காரையும் மடத்துக்கே வெச்சுக்குங்க.”

“காருல சத்தம் வருதே.”

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். “அது ஒண்ணு மட்டும் என்னைய உட மாட்டேங்குதுங்க.”

“மெக்கானிக் என்ன சொல்றாரு?”

“ஷாக் அப்சார்பரை மாத்துனாரு. சைலன்சரை இறுக்கிக் கட்டுனாரு. டிக்கியில இருந்த ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் எறக்கிப் போட்டாச்சு. அப்பவும் வருதுங்க.”

“பின்னாடி உக்காந்து கேட்டாரா?”



ஓடுகிற வண்டியில் பின்னால் வரும் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்பது ஓட்டுகிறவருக்குச் சரியாகப் பிடிபடாது. ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து காதைக் கொடுக்க வேண்டும். எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். அந்த மெக்கானிக்கும் வழக்கப்படி பின்கதவைத் திறந்தார். நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் மனிதர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அப்புறம் அவர் செய்த வேலையெல்லாம் குருடன் யானையைத் தடவிய கதைதான்.

அம்மை எழுந்தார். மரத்தடிக்கு நடந்து போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“வண்டிய எடுங்க.”

வேறு யாராவது என்றால் கையைப் பிடித்து இறக்கியிருப்பார். அம்மையை என்ன செய்வது? நாச்சிமுத்துவுக்கு நல்ல கோபம் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மடத்தைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை. மெதுவாக ஏறி இறங்கினார்.

சத்தமில்லை.

அடுத்தது ஒரு குழி. அதிலும் இல்லை. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாலையோரத்தில் லாரிகள் தோண்டிப் போட்டிருந்த பெரிய பள்ளமாகப் பார்த்து வேண்டுமென்றே வண்டியை இறக்கினார். அம்மை ஒரு தடவை துள்ளி உட்கார்ந்தார். காரோ வாயைத் திறக்கவில்லை.

நாச்சிமுத்து வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“என்ன?” என்றார் அம்மை.

“பின் ஸ்பிரிங் பட்டையில ரப்பர் புஷ் தேஞ்சிருக்குதுங்க. பின்னாடி ஆளு உக்காந்தா பாரத்துல அமுங்கிக்குது. காலியா இருந்தா ஆடித் தட்டுது. வெறும் ரப்பருங்க அம்மா.”

“தெரிஞ்சுபோச்சுல்ல. மாத்திக்கலாம்.”

“நான் வள்ளியாத்தா தட்டறான்னு நெனச்சிருந்தேனுங்க.”

சொல்லிவிட்டு அழுதார். தோளெல்லாம் குலுங்க, சின்னப் பிள்ளைபோல அழுதார். அவள் செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. இத்தனை நாளும் அந்தச் சத்தத்துக்குப் பயந்துகொண்டே, அது தன்னோடு இருக்கிறதே என்று ஆறுதலும் பட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் கையைவிட்டுப் போய்விட்டது.

அவர் அழுது முடியட்டும் என்று அம்மை விட்டார். பிறகு கேட்டார்.

“அவங்க எதுக்குத் தட்டோணும்?”

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அவளுக்கு முழங்கால் நோவுங்க. காலை நீட்டிக்கலாம்னு எப்பவும் பின்சீட்டுலதான் உக்காருவா. பாக்கறவங்க என்னைய டிரைவர்னு நெனச்சுக்குவாங்க. அவளும், ‘டிரைவர், அப்படி ஓரமா நிறுத்துப்பா’ன்னு கேலி பண்ணுவா. அவ இல்லாம நான் இந்தக் காரை எடுத்ததே இல்லீங்க. மண்டிக்குப் போறதெல்லாம் மொபெட்டுலதான்.”

“ம்.”

“கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு, வழியில அவ தம்பி சென்னியப்பன் ஊட்டுகிட்ட நிறுத்தச் சொன்னா. அவனும் ரோட்டுமேலயே வந்து நின்னு கை காட்டுனான். கையில தூக்குப்போசி. அக்காளுக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்கான். டாக்டரு சொன்ன நேரம் தப்பிரும்னு நான் நிறுத்தலீங்க. வரும்போது பாத்துக்கலாம்னேன். அவ பின்னாடியிருந்து எஞ்சீட்டு முதுகுல கையில தட்டுனா. அப்பவும் நிறுத்தல.”

அம்மையின் கை மடியிலிருந்த தலையணையைத் தடவியது.

“வரும்போது ஆம்புலன்சுல வந்தா. நான் காலிக் காரை ஓட்டிட்டுப் பின்னாடியே வந்தேன். அவன் ஊட்டு வளைவுலதான் அந்தச் சத்தத்த மொதமொதல்ல கேட்டேன்.”

“தம்பி என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமே சொல்லலீங்க. பொறந்தவூட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்து அக்கா மேல போட்டான். போயிட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை. நானும் அவன் மூஞ்சியப் பாக்கல. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பக்கமே வண்டிய உடறதில்லீங்க.”

“அந்த ஊரு இங்கிருந்து தூரமா?”

“பக்கந்தானுங்க.”

“போலாம்.”

நாச்சிமுத்து திடுக்கிட்டுத் திரும்பினார். மடத்திலிருந்து வண்டியை எடுத்த பிறகு அப்போதுதான் பின்னால் பார்த்தார்.

“இப்பவேங்களா? காவி கட்டிட்டுப் போறேனுங்களே. சாமியார்னா அவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்.”

“அதுக்கா காவி கேட்டீங்க?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் சாவியைத் திருப்பினார்.

சென்னியப்பனின் வீடு சாலையை ஒட்டி, வளைவுக்குச் சற்று உள்ளே தள்ளி இருந்தது. மாடு கட்டும் தொண்டுப்பட்டியில் சட்டையில்லாமல் குனிந்து எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். ஆள் இளைத்துப் போயிருந்தான். குனிந்த அந்த முதுகில் அக்காளின் சாயல் அப்படியே இருந்தது. நாச்சிமுத்துவால் பார்க்க முடியவில்லை.

கார் வந்து நின்றது. சத்தமே இல்லாமல் வந்ததால் அவன் திரும்பவில்லை.

அம்மை கதவைத் திறந்து இறங்கினார். தலையணையை முன்சீட்டில் வைத்தார்.

“நான் பஸ்ஸுல போய்க்கறேன்.”

“அம்மா, நீங்களும் கூட வாங்க. நீங்க இருந்தா…”

“நான் எதுக்கு?”

“அவனை எப்படிங்க கூப்பிடறது? எந்த வாயால கூப்பிடறது? கூப்பிட்டு என்னன்னு சொல்றது?”

அம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிற்கிற வேப்பமரத்துப் பக்கம் திரும்பினார். போகிற போக்கில் சொன்னார்.

“வண்டியில பின்னாடி ஒரு சத்தம் வருது மாப்ளே, கொஞ்சம் ஏறி உக்காந்து கேளுன்னு சொல்லுங்க.”