சுனைக்குக் காவல் இருந்த கம்பு

"ஊர் பார்க்கப் போறது பாவமா தாயே?" என்றார் நல்லமுத்து. காலையிலிருந்து இதே பாட்டு.

"எந்த ஊருக்கு?"

"கூகைமலைக்கு. உச்சியில சுனை இருக்காம். எல்லாரும் பார்த்துட்டாங்க. எனக்குக் கால் நிக்க மாட்டேங்குது."

குரு மங்கைக்கு முப்பது வயதுதான். சீடருக்குத் தலை முழுக்க நரை. அவர் அவளைத் தாயே என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். மடத்தில் இருப்பதே இவர்கள் இரண்டு பேர். குடிக்கப் பின்னால் ஒரு சுனை.

வேன் பிடித்து ஊர் பார்க்க வருகிற கூட்டம் நேராக அந்தச் சுனையில்தான் இறங்கும். ஷாம்பு போட்டுக் குளிக்கும். நல்லமுத்து சாப்பிடுவதைப் போட்டோ எடுக்கும். அவர் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

"அடேய், உங்க வீட்டுக் குடத்துல காலைக் கழுவுவீங்களாடா?"

அப்படிக் கத்துகிற மனுஷன்தான் இப்போது கிளம்பி நிற்கிறார்.

"போகலாமா கூடாதா, ஒண்ணு சொல்லுங்க."

மங்கை மூலையில் கிடந்த அந்தக் கம்பை எடுத்து நீட்டினாள்.

"மலை ஏறவா?"

"இல்லண்ணே. அங்க யாராவது உங்களை விரட்ட வருவாங்க. பாவம், வெறுங்கையோட வந்தா? குடுத்துடுங்க."

"நான் என்ன அந்தப் பயலுக மாதிரியா?"

முறைத்தார். ஆனாலும் கம்போடு போனார்.

மறுநாள் வெறுங்கையோடு திரும்பினார். உட்காரவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"கம்பு எங்கண்ணே?"

"சரியான வெயிலு தாயே. சுனையைப் பார்த்ததும் தண்ணியில காலை விட்டுட்டேன். நிமிர்ந்தா ஒரு பொம்பளை, இடுப்புல குடத்தோட நிக்குது. ஒரு பார்வை."

"என்ன பார்வை?"

"நான் பாக்குற பார்வை."

மங்கை சிரிக்கவில்லை.

"கம்பை நீட்டினேன். வாங்கிக்கல. வாளியில தண்ணி மொண்டு தள்ளி வச்சு, 'இங்க வந்து கழுவுங்க'ன்னுச்சு. அப்புறம்தான் கம்பை வாங்கி, முறிச்சு, பக்கத்துல அது வீட்டு அடுப்புல வச்சு, அந்தத் தீயிலேயே எனக்கு டீ போட்டுச்சு. ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட நிம்மதியா வந்திருப்பேன்."

"சரி. போகலாமா, கூடாதா?"

இப்போது கேட்டது குரு.

அவர் வாயைத் திறந்தார். கீழே வேன் ஹாரன் அடித்தது.

பழக்கதோஷத்தில் கை மூலைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு சுனைக்கு ஓடினார்.