முகம் பார்க்காத ஆள்காட்டி

பறவையின் பேச்சு மனிதனுக்குப் புரிந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவி மரத்தில்தான் இருந்தது. சோணைக்கோன் ஆட்டுக்கிடை போடும் இடமெல்லாம் அதுவும் கூடவே போகும். பக்கத்து மரத்து உச்சியில் உட்கார்ந்து, நரி வந்தாலும் கள்ளன் வந்தாலும் கத்தும்.

ஒருநாள் சோணையின் மச்சான் ராக்கன் வந்தான். அடுத்த ஊரில் கிடை போட்டிருப்பவன். அவனைப் பார்த்ததும் குருவி ஊரைக் கூட்டியது.

"என்ன மாப்ள, பொண்ணு குடுத்த எடத்துல எனக்குக் கள்ளன் பட்டமா?" என்றான் ராக்கன்.

சோணைக்குக் கூசிப்போனது. "ஏ குருவி, முகத்தப் பாத்துக் கத்து. நம்ம ஆளு வந்தா வாயத் தொறக்காத."

"நம்ம ஆளுன்னா?"

"சொந்தக்காரன், தெரிஞ்சவன். இதுகூடவா சொல்லித் தரணும்?"

மாசியில் ராக்கன் மறுபடி வந்தான். அவன் கிடையில் ஆடுகள் வாயில் நுரை தள்ளி, குளம்பு வெடித்து நொண்டின. அவற்றைத் தூக்கி நிறுத்திய கையோடு, மருந்து கேட்டு ஓடிவந்திருந்தான். காலெல்லாம் அந்தக் கிடையின் சேறு. குருவி முகத்தைப் பார்த்தது, சும்மா இருந்தது. ராக்கன் கிடை வாசல் படலைத் தள்ளிக் குட்டிகளுக்கு நடுவே நடந்து வந்தான்.

ஐந்தாம் நாள் சோணையின் கிடையிலும் நுரை. மாசி முடிவதற்குள் குட்டிகளில் பாதி போய்விட்டன.

"ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே" என்றான் சோணை, செத்த குட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

"வந்தது நம்ம ஆளுல்ல?"

சோணை ராக்கனை மனத்துக்குள் திட்டிப் பார்த்தான். ஒப்பவில்லை; அவன் வேண்டுமென்றா செய்தான்? குருவியைத் திட்டவும் வாயில்லை. மச்சான் முகம் சுளிக்கக் கூடாது என்று நினைத்தது யார்? மச்சானுக்காகவா, தன் மதிப்புக்காகவா?

"மேல உக்காந்தா மொகந்தான் தெரியுது" என்றது குருவி. "சீக்கு கால்ல வந்திருக்கு." சொல்லிவிட்டு மரத்தை விட்டு இறங்கியது. கட்டாந்தரையில் கற்களுக்கு நடுவே முட்டையிட்டது.

ராக்கனின் கிடையைப் பார்த்துவிட்டு ஒரு காலையில் சோணை திரும்பினான். குருவி அலறியது.

"அட, நான்தான்!"

"யாரா இருந்தா என்ன?"

சோணை படலுக்கு வெளியிலேயே நின்றான். குடத்துத் தண்ணீரைச் சாய்த்து, குளம்பைத் தேய்ப்பதுபோல் காலைத் தேய்த்துக் கழுவினான்.

அன்று தரைக்கு வந்த ஆள்காட்டி பிறகு மரமேறவே இல்லை. கள்ளனோ விருந்தாளியோ, கிடைக்குச் சொந்தக்காரனோ, யார் கால் தெரிந்தாலும் இன்றுவரை கத்திக்கொண்டுதான் இருக்கிறது.