துண்டுக்குள் பிடித்த கால்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, மலைகள் எங்கே உட்காரலாமென்று இடம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பொன்னிவயல் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு மாட்டுச் சந்தையில் பேரத்தை வாயால் பேச மாட்டார்கள். தரகர் தோள்துண்டை எடுத்துக் கைகளை மூடுவார். உள்ளே விரல்கள் பேசும். 'நான் வாங்குகிறவன் ஆள்' என்றால் ஒரு விரலைப் பிடிக்கணும். 'விற்கிறவன் ஆள்' என்றால் இரண்டு விரல். கையை இறுக்கிப் பிடித்தால் 'ஆமாம்', விட்டுவிட்டால் 'வேண்டாம்' என்று அர்த்தம். வாய் ஆயிரம் பொய் சொல்லலாம், துண்டுக்குள் பொய் கிடையாது. அது அந்த நாட்டுச் சத்தியம்.

அந்தச் சந்தைத் தரகன் வேலாண்டி. அவன் பெண்டாட்டி வடிவு. ஆவணியில் மாடு பிடிக்க ஆற்றுக்கு அக்கரை மலைநாட்டுக்குப் போனவன், ஐப்பசி பிறந்தும் திரும்பவில்லை. பழைய துண்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தான். வடிவு அதை மடிப்பாள், பிரிப்பாள், திரும்பவும் மடிப்பாள். எங்கே மாட்டு மணி கேட்டாலும் வாசலுக்கு ஓடுவாள். வேறு யாரோ போவார்கள். பாவம், அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏக்கம் இருக்கிற வீட்டை மோப்பம் பிடிப்பதில் சடைமாயன் என்ற மந்திரவாதி கெட்டிக்காரன். சந்தையோரம் அவனுக்கு ஒரு கடை. ஏக்கம் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் அனுப்புவது போல, கழுத்தில் மந்திர வெள்ளி வளையம் போட்ட பேசும் மைனா ஒன்றை வடிவுக்கும் சும்மாவே அனுப்பி வைத்தான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன், கட்டாயம் பாருங்கள்!

"என் புருஷன் வரணும். அதுக்கு ஒரு வழி சொல்லு" என்றாள் வடிவு.

"அக்கா, என் அக்கா, உனக்கென்றே ஒன்று இருக்கு!" என்றது மைனா. "தூர வழிக்கு வெளிச்சம் காட்டுற விளக்கு. காசு வேண்டாம். அவர் சிரிப்பு உன் நினைப்பில் இருக்கில்ல, அதைக் கொடு போதும்."

கொடுத்தாள். விளக்கு வந்தது. வேலாண்டி வரவில்லை.

"அக்கா, என் அக்கா, உனக்கென்றே ஒன்று இருக்கு! ஏழு மலை தாண்டி மணக்கும் சாந்து. அவர் குரலைக் கொடு போதும்."

கொடுத்தாள். சாந்து மணத்தது. வேலாண்டி வரவில்லை. வடிவுக்கு ஏக்கம் மட்டும் இரட்டிப்பாச்சு. யாருக்காக ஏங்குகிறோம் என்பது கலங்கலாச்சு.

"அக்கா, என் அக்கா, உனக்கென்றே ஒன்று இருக்கு! அவரை இழுத்து வரும் கண்ணாடி. அவர் பேரைக் கொடு போதும். புருஷன் பேரை நீ வாயால் சொல்றதே இல்லை. இருந்தா என்ன, போனா என்ன?"

வடிவின் கண் நிறைந்தது. வாயால் சொல்லாத பேரைத்தான் அவள் நெஞ்சு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்தாள். துண்டு கைக்கு வந்ததும் கைக்குப் புத்தி வந்தது.

"மைனா, இதுக்குள்ள காலைக் கொடு."

மைனா கொடுத்தது.

"நீ யார் ஆள்?"

"உன் ஆள்தான் அக்கா!" என்றது வாய். துண்டுக்குள் கால் இரண்டு விரலைப் பிடித்தது.

"கண்ணாடி வாங்கினா அவர் வருவாரா?"

"வருவார் அக்கா!" என்றது வாய். கால் அவள் கையை விட்டுவிட்டது.

"அப்ப நான் எதையுமே வாங்க வேண்டாமா?"

வாய் பொய் சொல்ல வருமுன், கால் அவள் கையை இறுக்கிப் பிடித்தது. "அக்கா, வாய் அவனுது, கால்தான் என்னுது" என்று விம்மியது மைனா. "ஆத்துல வெள்ளம் வந்துச்சு. வடிஞ்சதுமே அவரா வந்திருப்பார். வீட்டில் இருக்கிறவ நினைப்புதான் வெளியூர் போனவனுக்கு வழி. நீ விற்க விற்க அவருக்குப் பாதை மறஞ்சு போச்சு!"

மனசறிந்து வாயாலும் நிஜம் சொன்னதும் வெள்ளி வளையம் தெறித்தது. நாட்டிலிருந்த அத்தனை மைனாக்களின் வளையமும் தெறித்தது. சடைமாயன் கடையில் பானைகள் வெடித்தன. அடைத்து வைத்த சிரிப்பும் குரலும் அவரவர் வீட்டுக்குப் பறந்தன. கடையும் மறைந்தது, மாயனும் மறைந்தான்.

வடிவு ஆற்றங்கரைக்கு ஓடினாள். அக்கரையில் புழுதி தெரிந்தது, ஆள் தெரியவில்லை. ஊர் என்ன சொன்னால் என்ன? "வேலாண்டீ!" என்று கூப்பிட்டாள்.

"இந்தா வர்றேன், வடிவு!"

அன்றிலிருந்து பொன்னிவயலில் மனிதனோ மைனாவோ, யோசனை சொல்ல வந்தால் முதலில் துண்டுக்குள் பிடித்து யார் ஆள் என்று காட்ட வேண்டும். அப்புறம்தான் வாய். அந்த மைனாவும் ஒரு விரல் பிடித்தே கடைசிவரை பிழைத்தது.

அன்று ஈரம் சொட்டக் கரையேறிய வேலாண்டி, அவள் தோளில் கிடந்த தன் துண்டைப் பார்த்துச் சிரித்தான். அதை எடுத்து இருவர் கைமேலும் போட்டு, "என்ன சொல்றே?" என்றான்.

துண்டுக்குள் வடிவு அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த கையை விடவே இல்லை.