அண்ணாச்சி எடுக்கச் சொன்ன சுரம்

"டீச்சர், இந்தக் கார்டுல ஒரு சுரத்தை எடுத்துருங்க," என்றார் சற்குணம் அண்ணாச்சி.

ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த, சர்ச்சின் பாட்டுக் குழுவான கொயரை நடத்துகிற ஜெமிமா டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்தக் கார்டு?"

"பாட்டு முடியுததுக்கு முன்னால நாலு சுரம் ஒண்ணாச் சேந்து வருதே, டாமினன்ட் செவன்த். கேக்க சகிக்கல."

"அதுல என்னென்ன சுரம்?"

இதற்கெல்லாம் அசருகிற ஆளா அண்ணாச்சி? மடமடவென்று ஒப்பித்தார்.

"டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டி. அதுல டோ வீடு, பாட்டு வந்து சேருத இடம். டோவுல இருந்து எண்ணுனா அஞ்சாவது சோ. அந்த சோ மேல ஒண்ணுவிட்டு ஒண்ணு அடுக்கினா டி, ரே, ஃபா. ஆக நாலு. சோவுல இருந்து எண்ணுனா ஃபா ஏழாவது. அதனால செவன்த்."

"சரி."

"எந்த ஸ்கேல்ல கேட்டாலும் சொல்லுவேன்."

"சொல்லுவீங்க. ஆனா உங்களுக்குப் புரியல."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார். இரும்புக் கடை சற்குணம் என்றால் ஊரில் கடையைச் சொல்லமாட்டார்கள், தொண்டையைச் சொல்வார்கள். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் அவர் பாடினால் பின் பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். கேள்வி ஞானத்திலேயே காலம் ஓட்டியவர், இந்த வயசில் பாடம் படிக்க வந்தார். அதுவும் தன் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்த ஒரு டீச்சரிடம். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தனக்குத் தெரியாதது ஒன்று ஊரில் இருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"எதை எடுக்கணும்?" என்றார் டீச்சர்.

"மேல கேக்குதே, அந்த ஃபா. நான் பாடுத டி மேல வந்து முட்டுது. அதை எடுத்துட்டா மிச்சம் மூணும் ஒத்துமையா இருக்கும்."

"ஃபா யார் பாடுறாங்க?"

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

டீச்சர் தெரியாமலா கேட்டார்? உச்சக் குரல் பாடுகிற சொப்ரானோ வரிசையில் பெண்கள் பலபேர் நின்றாலும் காதில் விழுவது ஒரு குரல்தான். செல்வராணி. அண்ணாச்சியின் கூடப்பிறந்த தங்கச்சி.

அண்ணனும் தங்கச்சியும் பேசி வருஷக்கணக்காகிறது. கோயில் நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டித் தேர்தலில் அண்ணாச்சி நின்றார். செல்வராணியின் புருஷன் எதிரணி. அவளும் புருஷன் பக்கமே ஓட்டுப் போட்டாள். அண்ணாச்சி கொஞ்ச ஓட்டில் தோற்றார். ஊர் மறந்துவிட்டது, அவர் மறக்கவில்லை. அவர் தெருவில் வந்தால் அவள் கதவைச் சாத்துவாள். அவள் கடைவீதிக்கு வந்தால் அவர் கல்லாவில் குனிந்துகொள்வார்.

இப்போது அண்ணாச்சி மகள் பெர்சிஸுக்கு வருகிற வியாழக்கிழமை கல்யாணம். ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்தாயிற்று. செல்வராணிக்கு மட்டும் வைக்கவில்லை.

"அத்தை வீட்டுப் படியேறி நீங்க பத்திரிகை வைக்கணும்ப்பா," என்றாள் பெர்சிஸ். "அத்தை முன் பெஞ்சுல உக்காராம நான் கோயிலுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்." சொன்னபடி செய்கிறவள். அப்பன் புத்தி.

செல்வராணியும் சொல்லிவிட்டாள். "கொயர்ல பாடுதது கடமை, வந்து பாடுவேன். பாடிட்டு பக்கத்து வாசல் வழியாப் போயிருவேன். அந்த வீட்டுச் சாப்பாட்டுல கை நனைக்க மாட்டேன்."

இதெல்லாம் டீச்சர் காதுக்கும் வந்திருந்தது. ஆனாலும் அவர் கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை.

"எடுத்துட்டே வாசிக்கிறேன். கேளுங்க."

சோ, டி, ரே. பிறகு டோ.

"பாத்தீங்களா. நல்லாத்தான் இருக்கு," என்றார் அண்ணாச்சி.

"வீடு வந்தாச்சு?"

"வந்தாச்சு."

"வந்தே ஆகணும்னு இருந்துச்சா?"

அண்ணாச்சி யோசித்தார். "அப்பிடி ஒண்ணும் இல்ல. வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

டீச்சர் மறுபடி வாசித்தார். இந்தத் தடவை ஃபாவும் சேர்ந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டு, மேஜையில் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

அண்ணாச்சி பொறுத்துப் பார்த்தார். காலை மாற்றிப் போட்டார். பெஞ்சு நுனிக்கு வந்தார். முடியவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது, "டோ."

"நான் பாடச் சொல்லலையே," என்றார் டீச்சர்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துபோனது. "டீச்சர், சுத்தி வளைக்காதீங்க. நான் மூத்தவன். அவ இறங்கி வரட்டும்."

"ஃபா இறங்கித்தான் வரும். பக்கத்துலயே இருக்கு மி. அரைச் சுரம்தான் தூரம்."

"அப்பிடிச் சொல்லுங்க." அண்ணாச்சிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"நீங்க? டிக்கு அரைச் சுரம் மேல இருக்கு டோ."

"நான் எதுக்கு அசையணும்?"

டீச்சர் ஆர்கனை மூடினார். "சரி. சனிக்கிழமை பயிற்சியில அசையாதீங்க."

*

சனிக்கிழமை சாயங்காலம் கொயர் முழுக்கக் கூடியிருந்தது. செல்வராணி முன் வரிசையில் நின்றாள். அண்ணாச்சி பின் வரிசையில், ஆண்களில் மேல்குரல் பாடும் டெனர்காரர்களுக்கு நடுவில் நின்றார். இரண்டுபேர் பார்வையும் எதிரெதிர்ச் சுவரில் இருந்தது.

"இன்னைக்கு ஆர்கன் கிடையாது. குரல் மட்டும்," என்றார் டீச்சர். "கடைசி வரியில அந்தக் கார்டுல நிறுத்துவேன். என் கை இறங்குற வரைக்கும் யாரும் சுரத்தை விட்டு அசையக் கூடாது. நடுவுல திருட்டு மூச்சு எடுக்கக் கூடாது. மூச்சு தீர்ந்தவங்க உட்காரலாம்."

பாடினார்கள். கல்யாணப் பாட்டு, நல்ல பாட்டு. கடைசி வரி வந்தது. டீச்சர் கையை உயர்த்தி அப்படியே நிறுத்தினார்.

அடிக்குரல் பேஸ்காரர்கள் சோ. டெனர் டி. பெண்களில் கீழ்க்குரல் ஆல்டோ ரே. சொப்ரானோ ஃபா. நாலும் சேர்ந்து கூரையில் போய் நின்றது.

கை இறங்கவில்லை.

முதலில் ஆல்டோவில் ஒரு பெண் உட்கார்ந்தாள். பிறகு பேஸ்காரர்கள், தொப்பை பெருத்தவர்கள், ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். டெனரில் அண்ணாச்சியைத் தவிர எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. சொப்ரானோவில் ஒருத்தி இருமிக்கொண்டே பெஞ்சைப் பிடித்தாள்.

நின்றது இரண்டே பேர்.

அது என்ன மூச்சு என்று ஊருக்குத் தெரியும். அவர்கள் அப்பா கிணற்றில் விழுந்த வாளியை முங்கி எடுக்கிறவர். பிள்ளைகள் இரண்டையும் கிணற்றில் போட்டுத்தான் வளர்த்தார். யார் அதிகநேரம் முங்கிக் கிடப்பது என்று இரண்டுக்கும் எப்போதும் பந்தயம். இவன் வராமல் அவள் மேலே வரமாட்டாள், அவள் வராமல் இவன் வரமாட்டான். கடைசியில் அப்பாவே குதித்து இரண்டுபேர் முடியையும் பிடித்துத் தூக்குவார்.

இப்போது தூக்குவதற்கு அப்பா இல்லை.

டியும் ஃபாவும் மட்டும் தனியாக நின்றன. மற்ற சுரங்கள் இருந்தபோது ஏதோ கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்தது, இப்போது மறைவே இல்லை. அத்தனை பேரும் முகத்தைச் சுளித்தார்கள். கோயில் முழுக்க இரண்டுபேர் சண்டை கேட்டது.

அண்ணாச்சி விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு பெண் பிள்ளையிடம் தோற்கவா?

ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே. அதை மூட முடியாது. வருஷக்கணக்காகத் தங்கச்சி குரல் எட்டின உடனே வேறு எதையாவது நினைத்துக்கொள்கிற மனுஷன், இன்றைக்கு வேறு எதையும் நினைக்க வழியில்லாமல் கேட்டார். ஊசி நுனியளவு அசையாமல் நிற்கிறாள். மூச்சு தீர்கிறது என்று அவருக்குத் தெரிகிறது, அவளுக்கும் தெரியும், குரலில் மட்டும் அது தெரியவில்லை. இந்த வட்டாரத்தில் எந்தக் கோயிலில் இருக்கிறது இப்படி ஒரு குரல்? யாருக்கு இருக்கிறது இந்த நெஞ்சு?

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி திரும்பினார்.

செல்வராணி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தக்காளிப் பழம். கிணற்றுக்குள் கண்ணை முழித்துப் பார்ப்பாளே, அதே பார்வை.

டீச்சர் கை இன்னும் மேலேதான் இருந்தது.

அண்ணாச்சி ஏறினார். செல்வராணி இறங்கினாள். டோ. மி.

அந்த இரண்டு சுரம் போதுமாக இருந்தது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தங்களை அறியாமல் மூச்சு விட்டார்கள். டெனர் வரிசையில் ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இன்னும் கையை இறக்கலையே," என்றார் டீச்சர்.

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீதான் முதல்ல இறங்குன," என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஆசையப் பாரு," என்றாள் செல்வராணி. வருஷங்களுக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அது. "நீ ஏறுன பிறகுதான் நான் இறங்குனேன்."

"டீச்சரக் கேளு."

இரண்டுபேரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

"யார் முதல்லன்னு எனக்குக் கேக்கல," என்றார் டீச்சர். "ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை முகத்திலேயே கொஞ்சநேரம் வைத்திருந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வீட்டுல இருப்பியா?"

"எதுக்கு?"

"பத்திரிகை வைக்கணும்."

செல்வராணி முந்தானையை இழுத்துச் செருகினாள். கழுத்தை நிமிர்த்தித்தான் பதில் சொன்னாள்.

"வா. நான் தெருமுக்குல வந்து நிக்கேன்."

டீச்சர் பாட்டுத்தாளைப் புரட்டி, பென்சிலை எடுத்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கார்டுல ஒரு சுரத்தை எடுக்கணும்னு சொன்னீங்களே. எதுன்னு சொல்லுங்க, அடிச்சிடுறேன்."

சற்குணம் அண்ணாச்சி கொயர் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"அது எங்க வீட்டுச் சுரம் டீச்சர். எவன் எடுக்கச் சொன்னான்?"