மூன்று பேருக்கு ஒரே வடகரை

காட்டுக் குளம் ஒன்று ஆண்டுக்கு ஆண்டு வற்றிக்கொண்டே வந்தது. கரை மரங்களை யானைகள் நெடுங்காலமாக முறித்துத் தின்றதால் நிழலே இல்லை. அண்மையில் பெருகிய கடமான்களும் காட்டுப்பன்றிகளும் குரங்குகளும் இப்போதுதான் கரையில் மேயத் தொடங்கியிருந்தன.

தலைமை யானை கூட்டம் போட்டது. "இனிக் கரையில் யாரும் வாய் வைக்கக் கூடாது! எல்லோருக்கும் ஒரே சட்டம்! நாளைக் காலை சம்மதம் சொல்லுங்கள்!"

'தின்று தீர்த்தது யார், பட்டினி கிடப்பது யார்?' என்று கடமான் மனதுக்குள் பொருமியது.

கூட்டம் கலைந்ததும் யானை அதைத் தனியே அழைத்தது. "இந்தக் கொம்பின் கம்பீரம் யாருக்கு வரும்? நீ எங்களோடு இருக்க வேண்டியவன். முதல் ஆளாகச் சம்மதம் சொல். வடகரைப் புல் முழுவதும் உன் கூட்டத்துக்கே!"

கடமானுக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளிக்கொண்டு போன வழியில் காட்டுப்பன்றி எதிர்ப்பட்டது.

"அண்ணே, ஒரு ரகசியம்! வடகரை இனி எனக்கு!"

"என்ன உளறுகிறாய்?" என்று மரத்திலிருந்து குரங்கு கத்தியது. "யானை அதை எனக்கல்லவா கொடுத்தது!"

கடமானுக்கு வெட்கத்தில் காது சுட்டது. "எனக்கும்தான்," என்றது பன்றி மெல்ல.

மூன்றும் அங்கேயே உட்கார்ந்தன.

"கெடுத்தது யானை. அதுவே சரிசெய்யட்டும்! நமக்கென்ன?" என்றது பன்றி.

"குளம் வற்றினால் நம் குட்டிகளும்தானே தவிக்கும்? நம் பங்கை நாம் செய்வோம். அதிகம் தின்றவர் அதிகம் செய்யட்டும். மூவரும் இதையே சொல்வோம்," என்றது கடமான்.

மறுநாள் காலை யானை கடமானைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. "சம்மதம்தானே?"

"பன்றி குழி தோண்டும். குரங்கு விதை போடும். முளைக்கும் கன்றுகளை நாங்கள் யாரும் தொட மாட்டோம். நீங்கள் மரம் முறிப்பதை நிறுத்துங்கள். தொலைவிலுள்ள ஆற்றுக்குப் போய்வர உங்களால்தான் முடியும். கன்றுகளுக்குத் தண்ணீர் நீங்கள் கொண்டுவாருங்கள்."

யானை பன்றியிடம் திரும்பியது. அதே பதில். குரங்கும் அதையே சொன்னது.

"அப்படியானால் சட்டமும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம்!" என்று யானை பிளிறியது.

கடமான் நகரவில்லை. பன்றியும் குரங்கும் அதை ஒட்டி வந்து நின்றன.

போகத் திரும்பிய யானையின் கண்ணில் குளம் பட்டது. அங்கே அதன் குட்டி, தண்ணீர் தேடிச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. யானை கடமானிடம் திரும்பி வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை நடை போக வேண்டும்?" என்று கேட்டது.

அந்தக் கோடையில் கன்றுகளில் பாதி பட்டுப்போயின. மீதிப் பாதி வேர் பிடித்தன. சில ஆண்டுகளில் கரையெங்கும் நிழல் விழுந்தது; குளம் வற்றுவதும் நின்றது.

தம் பங்கைச் செய்ய முன்வந்து ஒன்றாக நிற்பவர்களை எந்தப் பலசாலியாலும் பிரித்து ஏமாற்ற முடியாது.