நாலாவது தட்டு

செங்கொண்டை என்ற மரங்கொத்தி ஒரு காலத்தில் காட்டுக்கே மர வைத்தியராக இருந்தது. மரத்தை அலகால் தட்டும். தலையைச் சாய்த்துக் கேட்கும். "டொக்" என்றால் மரம் திடம். "டப்" என்றால் உள்ளே வண்டுப்புழு குடித்தனம் நடத்துகிறது என்று அர்த்தம். உடனே துளை போட்டுப் புழுவைத் தின்றுவிடும். மரத்துக்கு மருந்து, மரங்கொத்திக்கு விருந்து!

ஒரே ஒரு முறைதான் கணிப்புத் தவறியது. ஓடைக்கரை மருதமரத்தைத் தட்டிப் பார்த்து, "இது நூறு வருஷம் நிற்கும்!" என்றது. அடுத்த வாரமே அது சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அதற்காகக் குரங்குகள் சும்மா விடுமா?

"வைத்தியரே, என் வாலைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க! நூறு வருஷம் நிற்குமா?"

போன இடமெல்லாம் இதே கேலி. செங்கொண்டைக்கு மனசே விட்டுப்போயிற்று. மரத்தைத் தொடவே கூசியது.

அப்போதுதான் சடையன் என்ற கரடி அதைக் கூப்பிட்டது. சடையன் பெரிய இலுப்பை மரத்தின் வேர்ப்பொந்தில் குடியிருந்தது. தூங்கினால், எத்தனை பேர் கத்தினாலும் எழாது. மரம் அதிர்ந்தால்தான் எழும்.

"என்னைப் பார்க்க யாராவது வந்தா, வாசல்ல மூணு தட்டு தட்டு. நான் தோண்டி எடுக்கிற கறையான்ல தினமும் உனக்கு ஒரு பங்கு. சம்மதமா?"

"தட்டினா போதுமா ஐயா? தட்டிட்டுக் கேட்க வேண்டாமா?"

"கேட்க என்ன இருக்கு? தட்டுறதுக்குத்தானே அலகு!"

செங்கொண்டை ஒப்புக்கொண்டது. முயல் வந்தால் மூன்று தட்டு. முள்ளம்பன்றி வந்தால் மூன்று தட்டு. வேளாவேளைக்குக் கறையான். அலகும் நோகவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. 'இதுவே பெரிய நிம்மதி' என்று தனக்குத்தானே தினமும் சொல்லிக்கொண்டது. நிம்மதியாக இருப்பவர்கள் அதைத் தினமும் சொல்லிக்கொள்வார்களா என்ன?

ஒரு நாள் மினுக்கி என்ற அணில், கண் திறக்காத மூன்று குட்டிகளோடு அந்த இலுப்பையின் கிழக்குக் கிளைக்குக் குடிவந்தது.

"அக்கா, நீங்க மரம் தெரிஞ்சவங்க. இந்தக் கிளையில கூடு கட்டலாமா?"

செங்கொண்டை பழைய பழக்கத்தில் கிளையை லேசாகத் தட்டிவிட்டது. டப்! உள்ளே புழுதான். ஆனால் மருதமரமும் குரங்குகளும் கண்முன் வந்தன.

"எனக்கென்னம்மா தெரியும்? நான் வெறும் வாசல்காரி" என்றது.

அன்றைக்குக் கறையான் இறங்கவில்லை. வாய் தெரியாது என்று சொல்லிவிட்டது. காதுக்குத் தெரியுமே!

மறுநாள் காலையில் செங்கொண்டை வாசலை விட்டு அடிமரத்தில் ஏறியது. டொக், டொக், டப்!

பொந்திலிருந்து சடையன் தலையை நீட்டியது. "யாரு வந்திருக்கா?"

"வண்டுப்புழு வந்திருக்கு ஐயா!"

"என்னைப் பார்க்கவா?"

"இல்லை, உங்க வீட்டைத் தின்ன!"

"உன் வைத்தியத்தைத்தான் மருதமரத்துலயே பார்த்தோமே! மூணு தட்டுக்குத்தான் உனக்குச் சாப்பாடு. நாலாவது தட்டு கேட்டா, வேலை போச்சு!"

செங்கொண்டை கீழே பார்த்தது. அன்றைய பங்குக் கறையான் கொழுகொழுவென்று நெளிந்தது. மேலே பார்த்தது. கிளையில் மூன்று குட்டி வால்கள் ஆடின.

டொக்!

வேலை போயிற்று.

செங்கொண்டை நேரே மினுக்கியிடம் பறந்தது. "நேத்து நான் சொன்னது பொய். இந்தக் கிளை உள்ளே செத்துப்போச்சு. இப்பவே இறங்கு!"

"அந்த மருதமரம் மாதிரி இதுவும் தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நீயும் சேர்ந்து சிரி. குட்டிகளை மட்டும் இப்போ தூக்கு!"

மினுக்கி ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு பக்கத்து நாவல் மரத்துக்குத் தாவியது. குரங்குகள் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தன. "நூறு வருஷ வைத்தியர் திரும்பி வந்தாச்சு!" செங்கொண்டைக்கு முகம் சுட்டது. ஆனாலும் கொத்துவதை நிறுத்தவில்லை. இரண்டு நாள் முழுக்க அடிமரத்தைத் துளைத்துத் துளைத்துப் புழுக்களை வெளியே இழுத்தது. அலகு வலித்தது. அந்த வலிகூட அதற்குப் பிடித்திருந்தது!

மூன்றாம் நாள் நண்பகலில் காற்று சுழற்றி அடித்தது. கிழக்குக் கிளை மடமடவென்று முறிந்து விழுந்தது. கிளையில் யாரும் இல்லை. அடிமரம் அசையாமல் நின்றது. குரங்குகள் தங்கள் வால்களைப் பார்த்துக்கொண்டன.

சடையன் விழுந்த கிளையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு தொண்டையைக் கனைத்தது.

"ஏம்மா, வேலைக்குத் திரும்பி வந்துடு. நாலு தட்டு தட்டிக்கோ. ரெண்டு பங்கு கறையான்!"

"வாசலுக்கு வேற ஆள் பாருங்க ஐயா. மரத்துக்கு ஏதாவதுன்னா கூப்பிடுங்க, பங்கு இல்லாமலே வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் செங்கொண்டை அடுத்த மரத்துக்குப் பறந்தது.

சடையன் ஒரு தவளையை வாசலில் வைத்தது. யார் வந்தாலும், வராவிட்டாலும் அது கத்திக்கொண்டே இருந்தது. மரம் அதிராததால் சடையன் எழவே இல்லை!

ஒருமுறை தவறியதற்குப் பயந்து தன் திறமையைவிடச் சிறிய வேலைக்குள் ஒடுங்கிக்கொள்பவர், தன்னை மட்டுமல்ல, தன்னை நம்பி நிற்பவரையும் கைவிடுகிறார்.